35 நாள் அரசு முடக்கம்: சுமை யார் தோளில் ஏறியது, ஏன் அவ்வளவு நாள் இறங்கவில்லை

2019 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வரும். அன்று வந்த சம்பளச் சீட்டில், கைக்குக் கிடைக்கும் தொகை என்ற கட்டத்தில் பலருக்கு வெறும் பூஜ்யம். சிலருக்குச் சில டாலர். விமான நிலையச் சோதனைப் பணியாளர்களும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் அந்தச் சீட்டைப் படமெடுத்து வெளியிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்தச் சீட்டுக்குரிய இரண்டு வாரமும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு உட்பட வேலை பார்த்தவர்கள். மறுநாளும் ஷிஃப்டுக்குப் போயாக வேண்டியவர்கள்.

2018 டிசம்பர் 22 தொடங்கி 2019 ஜனவரி 25 வரை நடந்த இந்த முடக்கத்தை, "மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட அதிபர் டிரம்ப் பணம் கேட்டார், ஜனநாயகக் கட்சி மறுத்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். சண்டை எதனால் வந்தது என்பதற்கு அந்த வரி போதும். அது 35 நாள் நீண்டது ஏன் என்பதற்குப் போதாது. முடக்கத்தின் வலி எந்தெந்த இடத்தில் விழுந்தது, எந்தெந்த இடத்தில் விழாமல் தடுக்கப்பட்டது என்று நாள்வாரியாகப் பார்த்தால்தான் அது விளங்கும். பொதுமக்களுக்குத் தெரியும்படி எங்கெல்லாம் வலித்ததோ அங்கெல்லாம் அவசரமாக ஒட்டுப்போட்டார்கள். ஒவ்வொரு ஒட்டும் சம்பளமில்லாமல் வேலை செய்தவர்களின் நாட்களைக் கூட்டியது. ஒட்டுப்போட முடியாத ஓர் இடத்தில் வலி வந்தபோது, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பணம் நின்றால் அரசு ஏன் நிற்கிறது

சட்டம் அனுமதித்த ஒதுக்கீடு இல்லாமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் எடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. இதற்குப் பல்லுக் கொடுப்பது பற்றாக்குறைத் தடைச் சட்டம். ஒதுக்கீடு இல்லாமல் செலவை ஏற்கும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று அது சொல்கிறது. ஊழியர் தானாக முன்வந்து "சும்மா செய்து தருகிறேன்" என்றாலும் அந்த உழைப்பை அரசு வாங்கிக்கொள்ளக் கூடாது. மனித உயிரையோ சொத்தையோ காப்பது தொடர்பான வேலைக்கு மட்டும் விலக்கு.

இந்தச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் 1980 வரை, ஒதுக்கீடு சில நாள் தள்ளிப்போனாலும் அலுவலகங்கள் செலவைச் சுருக்கிக்கொண்டு திறந்தே இருந்தன. எப்படியும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், பணம் தரும் என்ற நம்பிக்கையில் ஓடின. 1980 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி எழுதிய சட்டக் கருத்துதான் கதவை மூடியது. ஒதுக்கீடு காலாவதியானால் அலுவலகத்தை ஒழுங்காக மூடுவதற்கான வேலையைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது என்றார் அவர். 1981 தொடக்கத்தில் எழுதிய இரண்டாவது கருத்தில் உயிர், சொத்துப் பாதுகாப்புக்கான விலக்கை விரித்துச் சொன்னார். இன்று நாம் முடக்கம் என்று சொல்வது அந்த இரண்டு கடிதங்களிலிருந்து பிறந்தது.

இந்திய வாசகருக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே ஏப்ரல் 1க்குள் முழு பட்ஜெட் நிறைவேறாவிட்டால், அரசியலமைப்பின் 116ஆம் பிரிவின்படி சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்வார்கள். செலவு மசோதாவுக்கு மக்களவையில் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றால் ஆட்சியே கவிழ்ந்துவிடும். முட்டுக்கட்டை நீடிக்க வழியில்லை. அமெரிக்காவில் அதிபரையும், செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளையும் மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் தோற்றாலும் ஒருவர் பதவியும் போகாது. ஊழியரின் சம்பளம்தான் போகும்.

காலண்டர் எங்கே சறுக்கியது

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் 12 தனித்தனி ஒதுக்கீட்டு மசோதாக்கள் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபர் கையெழுத்தாக வேண்டும். 1974ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டம் வகுத்த இந்த ஒழுங்கில், எல்லா மசோதாக்களும் உரிய நாளுக்குள் முடிந்தது 4 நிதியாண்டுகளில் மட்டும்: 1977, 1989, 1995, 1997. மற்ற எல்லா ஆண்டும் "போன ஆண்டு அளவிலேயே இன்னும் சில வாரம் செலவு செய்துகொள்ளுங்கள்" என்ற தற்காலிகத் தீர்மானத்தில்தான் ஓடியது. பழுதடைந்த பாலத்துக்கு ஒவ்வொரு மழைக்கும் முட்டுக் கொடுப்பதைப் போல, தற்காலிகமே வழக்கமாகிவிட்டது.

2018இல் உண்மையில் வழக்கத்தைவிட நல்ல தொடக்கம். அக்டோபருக்குள் 5 மசோதாக்கள் முடிந்திருந்தன. பாதுகாப்புத் துறை, ராணுவக் கட்டுமானத்தோடு முன்னாள் படைவீரர் நலம், தொழிலாளர்-சுகாதாரம்-கல்வி, எரிசக்தி-நீர்வளம், காங்கிரஸின் சொந்தச் செலவு ஆகியவை அவை. மீதி 7 மசோதாக்கள் டிசம்பர் 7க்கும், முன்னாள் அதிபர் ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ் மறைவை ஒட்டி டிசம்பர் 21க்கும் தள்ளிப்போயின. அந்த 7இல் தொங்கிக்கொண்டிருந்தவை உள்நாட்டுப் பாதுகாப்பு, நீதி, வேளாண்மை, உள்துறை (அங்கே இது தேசியப் பூங்காக்களையும் பொது நிலங்களையும் கவனிக்கும் துறை), போக்குவரத்து, வெளியுறவு, கருவூலம், வணிகம், வீட்டுவசதி என 9 துறைகள். மொத்தமுள்ள 15 துறைகளில் 9.

இந்த விவரம் சலிப்பாகத் தோன்றலாம், ஆனால் பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இதில் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படைச் சம்பளம் ஏற்கெனவே உறுதி. முன்னாள் வீரர்களின் மருத்துவமனைகள் உறுதி. மக்கள் முதலில் கோபப்படும் இடங்கள் பாதுகாப்பாக இருந்தன. காங்கிரஸின் சொந்த ஒதுக்கீடும் முடிந்திருந்தது. உறுப்பினர்களின் சம்பளமோ ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் நிரந்தரச் சட்டத்தால் வருவது. முடக்கத்தை முடிக்க வேண்டியவர்கள் எவருக்கும் மாதச் செலவு தட்டவில்லை. சிலர் தாங்களாகவே சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து போய் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தப் பிரிவினை நேரடியாகப் பட்டது. எச்1பி விசாவுக்கு முதல் படியான ஊதிய நிலை விண்ணப்பத்தைத் தொழிலாளர் துறை ஏற்க வேண்டும். 2013 அக்டோபர் முடக்கத்தில் அந்தத் துறைக்குப் பணமில்லாமல் விண்ணப்பங்கள் அப்படியே நின்றன. 2018-19இல் தொழிலாளர் துறைக்கு ஒதுக்கீடு முடிந்திருந்ததால் அந்த வேலை தடையின்றி நடந்தது. குடியுரிமைச் சேவை அலுவலகம் பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் அதுவும் திறந்திருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்பவரின் தகுதியை நிறுவனங்கள் சரிபார்க்கும் இ-வெரிஃபை இணைய வசதி நின்றுபோனது. முடக்கம் என்றால் எல்லாம் மூடல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பணம் எந்த மசோதாவிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் எது மூடும் எது ஓடும் என்று சொல்ல முடியும்.

டிசம்பர் 11இல் வெள்ளை மாளிகையில், கேமராக்களுக்கு முன்னால், ஜனநாயகக் கட்சித் தலைவர்களான நான்சி பெலோசியிடமும் சக் ஷூமரிடமும், எல்லைப் பாதுகாப்புக்காக அரசை முடக்கப் பெருமைப்படுகிறேன், பொறுப்பை நானே ஏற்கிறேன் என்றார் டிரம்ப். டிசம்பர் 19இல் செனட் குரல் வாக்கெடுப்பிலேயே பிப்ரவரி 8 வரைக்கான தற்காலிகத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. சுவருக்குப் பணமில்லாத தீர்மானத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று அதிபர் சொன்னதும் பிரதிநிதிகள் சபை திரும்பிக்கொண்டது. 5.7 பில்லியன் டாலர் சேர்த்து 217-185 என்று நிறைவேற்றி அனுப்பியது. 100 பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடித்து மசோதாவை முன்னெடுக்கவே 60 வாக்கு வேண்டும். அதிபரின் குடியரசுக் கட்சிக்கு இருந்ததோ 51 இடம். அப்போது இரு அவைகளும் வெள்ளை மாளிகையும் ஒரே கட்சியின் கையில். அப்படியிருந்தும் டிசம்பர் 22 நள்ளிரவில் ஒதுக்கீடு காலாவதியானது.

முதல் நாள் ஓர் அலுவலகத்தில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு துறையும் முன்கூட்டியே ஒரு முடக்கத் திட்டம் எழுதி வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு ஊழியரும் இரண்டில் ஒரு பட்டியலில் இருப்பார். கட்டாய விடுப்பில் போவோர் ஒரு பட்டியல். விலக்குப் பெற்று, சம்பளமில்லாமல் வேலைக்கு வருவோர் மற்றொன்று. இந்த முறை பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 8 லட்சம் பேரில் சுமார் 3,80,000 பேர் வீட்டுக்கு, சுமார் 4,20,000 பேர் வேலைக்கு.

விடுப்பில் போகிறவர் ஒழுங்காக மூடுவதற்காக அலுவலகம் வரலாம். பெரும்பாலும் அரை நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மின்னஞ்சலில் தானியங்கிப் பதில், குரல் அஞ்சலில் புதிய செய்தி, ஆய்வகமாக இருந்தால் மாதிரிகளை உறைவிப்பில் வைப்பது, விடுப்பு அறிவிப்பில் கையெழுத்து. அதன்பின் அரசு ஃபோனைத் தொட்டாலும் மின்னஞ்சலைத் திறந்தாலும் சட்ட மீறல். பாதியில் நின்ற வேலையை மனசு கேட்காமல் வீட்டிலிருந்து செய்துவிடலாம் என்று நினைத்தால் அதற்கும் வழியில்லை.

வேலைக்கு வருகிறவரின் நிலைமை இதைவிட மோசம். விடுப்பில் இருப்பவர் பெரும்பாலான மாநிலங்களில் வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்கலாம். நிலுவைச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். முழுநேரம் வேலை பார்ப்பவர் "வேலையில்லாதவர்" கணக்கில் வரமாட்டார், ஆகவே அதுவும் கிடையாது. பெட்ரோல், பார்க்கிங், குழந்தைக் காப்பகக் கட்டணம் எல்லாம் கைக்காசு. வேறு பகுதிநேர வேலை தேடலாம் என்றால் ஷிஃப்டு விடாது. வேலைநிறுத்தம் செய்வது மத்திய அரசு ஊழியருக்குக் குற்றம். 1981இல் வேலைநிறுத்தம் செய்த வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை அப்போதைய அதிபர் ரீகன் ஒரே வீச்சில் நீக்கியதை அந்தத் துறையில் எவரும் மறக்கவில்லை. பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பதவியில் இருப்பவருக்கு இன்னொரு கத்தி: கடன் தவணை தவறினால் அந்த அனுமதிக்கே ஆபத்து. எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் சங்கம் ஜனவரி 10இல் இதைச் சொல்லியே முறையிட்டது.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய ஆய்வுப்படி, திடீரென 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பிலிருந்து கொடுக்க முடியாத நிலையில் அமெரிக்கர்களில் பத்துக்கு நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு சம்பளம் தொடர்ந்து தவறுவது அவர்களுக்கு என்ன என்பதை இந்தக் கணக்கே காட்டும். ஊழியர் நிர்வாக அலுவலகம் வீட்டு உரிமையாளருக்கு எழுத ஒரு மாதிரிக் கடிதத்தை வெளியிட்டது. வாடகைக்கு ஈடாகப் பெயிண்ட் அடித்தல், தச்சு வேலை போன்றவற்றைச் செய்து தருகிறேன் என்று கேட்கும் வரி அதில் இருந்தது. 2013இல் எழுதியது, தவறுதலாகப் போய்விட்டது என்று பிறகு விளக்கினார்கள். கடலோரக் காவல்படையின் ஆலோசனைத் தாளோ வீட்டுப் பொருட்களை விற்பது, குழந்தை பார்த்துக்கொள்வது என்று வழி சொன்னது. செய்தியானதும் அதை நீக்கினார்கள். அந்தப் படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் இருப்பதால்தான் இந்தக் கதி. மற்ற படைகளுக்கு ஜனவரி 15இல் சம்பளம் வந்தது. சுமார் 42,000 கடலோரக் காவல்படையினருக்கு வரவில்லை. ஒதுக்கீடு தவறிய காலத்தில் அமெரிக்க ஆயுதப்படை ஒன்றுக்குச் சம்பளம் நின்றது அதுவே முதல்முறை என்று அதன் தலைவர் கார்ல் ஷுல்ட்ஸ் படையினருக்கு எழுதினார்.

ஒட்டு மேல் ஒட்டு

தேசியப் பூங்காக்களை 1995-96இலும் 2013இலும் மூடினார்கள். பூட்டிய வாயிலுக்கு முன் நின்ற குடும்பங்களின் படம் நாடெங்கும் போனது, கோபம் உடனே கிளம்பியது. இந்த முறை வாயிலைத் திறந்தே விட்டார்கள், ஆட்களை மட்டும் அனுப்பிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவைப் பார்த்தால் அதன் விளைவு தெரியும். குளிர்கால விடுமுறை அங்கே கூட்டம் குவியும் பருவம். கட்டணம் வாங்க ஆளில்லை. கழிவறைகளைத் துப்புரவு செய்ய ஆளில்லை. உள்ளூர்க் கடைக்காரர்களும் தன்னார்வலர்களும் காகிதச் சுருளும் வாளியுமாகப் போய்ச் சுத்தம் செய்தார்கள். அப்படியும் தொட்டிகள் நிரம்பியதால் ஜனவரி 2இல் முகாம் திடல்களை மூட வேண்டிவந்தது. பாதையில்லாத இடத்தில் வண்டியை ஓட்டிப் புதுத் தடம் போட்டார்கள். சில மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அந்த மரம் ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும். பாலைவன மண்ணில் விழுந்த டயர் தடம் எளிதில் ஆறாது. இந்தச் சேதம் சரியாக 200 முதல் 300 ஆண்டு ஆகலாம் என்றார் பூங்காவின் முன்னாள் கண்காணிப்பாளர் ஒருவர்.

அடுத்த ஒட்டு, பூங்காக்களைச் சமாளிக்க நுழைவுக் கட்டணச் சேமிப்பிலிருந்து செலவு செய்தது. அந்தப் பணம் பார்வையாளர் வசதிகளை மேம்படுத்தச் சட்டம் ஒதுக்கியது. அன்றாடப் பராமரிப்புக்கு வேறு கணக்கு. 2019 செப்டம்பரில், இது பற்றாக்குறைத் தடைச் சட்டத்தையே மீறிய செயல் என்று காங்கிரஸின் கணக்கு ஆய்வு அலுவலகம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் முடக்கம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

வருமான வரித் துறையில், முந்தைய முடக்கங்களில் வரித் திருப்பிச் செலுத்தல் நடக்காது என்பதே நிலைப்பாடு. பல கோடிக் குடும்பங்கள் பிப்ரவரியில் எதிர்பார்க்கும் பணம் அது. நின்றால் முடக்கம் அன்றே முடிந்திருக்கும். ஜனவரி தொடக்கத்தில் வெள்ளை மாளிகை அந்த நிலைப்பாட்டை மாற்றியது. சுமார் 46,000 ஊழியர்களைச் சம்பளமில்லாமல் திரும்ப அழைத்தார்கள். பணக் கஷ்டத்தைக் காட்டி வர இயலாது என்று சொல்லத் தொழிற்சங்க ஒப்பந்தம் இடம் கொடுத்திருந்தது. ஏராளமானோர் அதைப் பயன்படுத்தினார்கள்.

உணவு உதவித் திட்டமான ஸ்னாப் சுமார் 3 கோடியே 80 லட்சம் பேருக்குச் சோறு போடுவது. காலாவதியான தீர்மானத்தில் 30 நாள் சலுகை தரும் ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, பிப்ரவரி மாத உதவியை ஜனவரி 20க்குள்ளேயே அட்டைகளில் ஏற்றினார்கள். பட்டினி தவிர்ந்தது, அது நல்லதே. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு மாத உதவி கைக்கு வந்தது. அடுத்தது மார்ச்சில். பல குடும்பங்கள் ஒரு மாதத்துக்கான தொகையை 40 நாளுக்கும் மேலாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதத்துக்கானது முன்கூட்டி வந்ததே தவிர கூடுதலாக எதுவும் வரவில்லை என்பதைப் பலருக்குத் தெளிவாகச் சொல்லவும் ஆளில்லை.

ஒட்டே கிடைக்காத இடங்களும் உண்டு. பூர்வகுடியினருக்கான மருத்துவச் சேவை, ஒப்பந்தங்கள் மூலம் நிலத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஈடாக அரசு ஏற்ற கடமை. அதன் பணம் உள்துறை மசோதாவில் இருந்ததால் நின்றது. பனிகொட்டும் ஜனவரியில் மருத்துவர்களும் செவிலியர்களும் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். தேசியத் தொலைக்காட்சிக்கு இது பெரிய செய்தியாகவில்லை. மிகப் பழைய வாக்குறுதி முதலில் உடைந்தது இங்கேதான் என்பது இன்றும் ஆறாத விஷயம்.

கோபம் எப்படித் திரண்டது

முதல் இரண்டு வாரம் விடுமுறைக் காலம், மக்கள் கவனம் குறைவு. டிசம்பர் 28இல் வந்த சம்பளம் முடக்கத்துக்கு முந்தைய நாட்களுக்கானது, அதனால் வலி ஜனவரி 11 வரை தள்ளிப்போனது. அதற்குப் பிறகு வேகம் கூடியது. தலைநகரில் சமையற்கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸின் அமைப்பு ஜனவரி 16இல் பென்சில்வேனியா அவென்யூவில் ஊழியர்களுக்கு இலவசச் சமையலறை திறந்தது. வரிசை தெருவைச் சுற்றி நீண்டது. ஜனவரி 24இல் வணிகச் செயலர் வில்பர் ராஸ், ஊழியர்கள் உணவு வங்கிகளுக்குப் போவது ஏன் என்று தனக்குப் புரியவில்லை, கடன் வாங்கலாமே என்றார். அந்தப் பேச்சு சம்பளம் தவறிய ஒவ்வொரு வீட்டிலும் தைத்தது.

யார் மேல் கோபம் என்பதில் ஐயமில்லை. ஜனவரி நடுவில் வாஷிங்டன் போஸ்ட்-ஏ.பி.சி. கருத்துக்கணிப்பில் 53 சதவீதம் பேர் டிரம்பையும் குடியரசுக் கட்சியினரையும், 29 சதவீதம் பேர் ஜனநாயகக் கட்சியினரையும் குற்றம் சாட்டினார்கள். ஆனால் கருத்துக்கணிப்பு சட்டம் இயற்றாது. அதிபரின் ஆதரவாளர்கள் அவரோடு நின்றார்கள், எதிரணியின் ஆதரவாளர்கள் விட்டுக்கொடுக்காதே என்றார்கள். இரு பக்கமும் தங்கள் வாக்காளர் சொல்வதைத்தான் கேட்டது. செனட்டில் பெரும்பான்மைக் கட்சியான குடியரசுக் கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானல், அதிபர் கையெழுத்திடாத எதையும் வாக்கெடுப்புக்கு விடமாட்டேன் என்று வாரக்கணக்கில் ஒதுங்கியிருந்தார். ஜனவரி 24இல்தான் இரண்டு மசோதாக்களை விட்டார். அதிபருடையது 50-47. சுவரில்லாத தற்காலிகத் தீர்மானம் 52-44. இரண்டும் 60ஐ எட்டாமல் தோற்றன.

விமான நிலையங்களில் விரிசல் அதற்கு முன்பே தெரிந்தது. சுமார் 51,000 சோதனைப் பணியாளர்கள், மத்திய அரசில் குறைந்த சம்பளக்காரர்களில் சேர்ந்தவர்கள். ஜனவரி 20 ஞாயிறன்று 10 சதவீதம் பேர் வரவில்லை. முந்தைய ஆண்டு அதே நாளில் அது 3.1 சதவீதம். மயாமியில் ஒரு முனையத்தையும் ஹூஸ்டனில் ஒரு சோதனைச் சாவடியையும் மூடி, இருந்த ஆட்களை வேறிடத்துக்கு மாற்றிச் சமாளித்தார்கள். சோதனைச் சாவடியை அப்படிச் சேர்த்து வைக்கலாம். வான்வழிக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு வான்பகுதிக்கும் அந்தப் பகுதியில் தேர்ச்சிச் சான்று பெற்றவரே உட்கார வேண்டும். பக்கத்து மையத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்க இயலாது. ஆள் குறைந்தால் செய்யக்கூடியது ஒன்றே, விமானங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைப்பது.

ஜனவரி 23இல் கட்டுப்பாட்டாளர்கள், விமானிகள், விமானப் பணிப்பெண்கள் ஆகியோரின் சங்கத் தலைவர்கள் மூவர் சேர்ந்து, ஆபத்தின் அளவைக் கணக்கிடவே முடியாத நிலை என்று எச்சரித்தார்கள். ஜனவரி 25 வெள்ளி, இரண்டாவது சம்பளமும் தவறிய நாள். காலையில் வர்ஜீனியாவிலும் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லிலும் உள்ள இரண்டு மையங்களில் ஒரு பத்துப் பேர் உடல்நலமில்லை என்று வரவில்லை. பத்தே பேர். நியூயார்க்கின் லகார்டியாவுக்கு வரும் விமானங்களைப் புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தினார்கள். நியூவார்க், ஃபிலடெல்ஃபியாவில் தாமதம். அன்று பிற்பகல் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில், சுவருக்கு ஒரு டாலரும் இல்லாமல், பிப்ரவரி 15 வரைக்கான தீர்மானத்தை ஏற்பதாக அதிபர் அறிவித்தார். டிசம்பர் 19இல் செனட் குரல் வாக்கில் நிறைவேற்றியதும் தேதி தவிர இதுதான்.

கணக்கு

காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் ஜனவரி 28இல் கொடுத்த மதிப்பீட்டில், பொருளாதார உற்பத்தி இரண்டு காலாண்டில் 11 பில்லியன் டாலர் குறைந்தது. பெரும்பகுதி பிறகு மீளும், சுமார் 3 பில்லியன் மீளாது. பிப்ரவரி 15இல் கையெழுத்தான இறுதி உடன்பாட்டில் 55 மைல் வேலிக்குக் கிடைத்தது 1.375 பில்லியன். செனட் குழு 2018 நடுவிலேயே இரு கட்சி ஆதரவோடு 65 மைலுக்கு 1.6 பில்லியன் எழுதி வைத்திருந்தது. 35 நாள் முடக்கிக் கிடைத்தது, முடக்காமலேயே கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவு. அதே நாளில் அவசரநிலை அறிவித்து வேறு வழியில் பணம் எடுக்க அதிபர் முனைந்தார். அந்த வழி டிசம்பரிலும் அவருக்குத் திறந்தே இருந்தது.

கணக்கில் எளிதில் வராத இழப்புகள் வேறு. ஓக்லஹோமா நகரிலுள்ள கட்டுப்பாட்டாளர் பயிற்சிக் கல்லூரி மூடப்பட்டது. ஏற்கெனவே ஆள் குறைவான துறை அது, தேர்ச்சி பெற ஆண்டுகள் பிடிக்கும். உணவு-மருந்து நிர்வாகத்தின் வழக்கமான உணவுத் தொழிற்சாலைச் சோதனைகள் நின்றன. அபாயம் மிகுந்தவற்றை மட்டும், சம்பளமில்லாத ஆட்களைத் திரும்ப அழைத்து, ஜனவரி நடுவில் மீண்டும் தொடங்கினார்கள்.

முடக்கத்தின் நடுவே ஜனவரி 16இல் கையெழுத்தான சட்டம் ஒன்று, இனி எந்த முடக்கத்திலும் ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் உறுதி என்றது. தேவையான சட்டம். ஆனால் விடுப்பில் அனுப்பிய ஊழியருக்கு வேலை வாங்காமல் சம்பளம் கொடுக்கும் செலவை அது நிரந்தரமாக்கியது, "எப்படியும் கொடுத்துவிடுவோம்" என்று உறுப்பினர்கள் நிம்மதியடையவும் வழி விட்டது. 2013, 2018, 2018-19 ஆகிய மூன்று முடக்கங்களில் வரிப்பணத்துக்கு ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 4 பில்லியன் டாலர் என்று செனட் விசாரணைத் துணைக்குழு பின்னர் கணக்கிட்டது. பெரும்பகுதி, வேலை செய்ய விடாதவர்களுக்குக் கொடுத்த சம்பளம். உண்மையான திருத்தம் ஒரே இடத்தில் நடந்தது. பூர்வகுடி மருத்துவச் சேவைக்கு ஓராண்டு முன்னதாகவே பணம் ஒதுக்கும் முறையைப் பல ஆண்டு போராட்டத்துக்குப் பின் காங்கிரஸ் ஏற்றது.

அதனால் 2025 அக்டோபர் 1இல் மறுபடி முடங்கியபோது அந்த மருத்துவமனைகளுக்குப் பணம் இருந்தது. மற்ற எல்லாம் பழைய வரிசையில் வந்தது. மருத்துவக் காப்பீட்டு மானியத் தகராறில் தொடங்கிய அந்த முடக்கம் 43 நாள் நீடித்து, 2018-19ஐ முந்தியது. ராணுவச் சம்பளத்துக்கு ஆராய்ச்சி நிதியைத் திருப்பி ஒட்டுப்போட்டார்கள். 2019 சட்டம் நிலுவைச் சம்பளத்தை உறுதி செய்யவில்லை என்ற வாதத்தை வெள்ளை மாளிகையே எழுப்பியது. ஸ்னாப் உதவி இந்த முறை நவம்பரில் தடைபட்டு நீதிமன்றம் ஏறியது. கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையால் நவம்பர் 7 முதல் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவு போனது. நவம்பர் 12இல் முடக்கம் முடிந்தது.

ஒரு பட்டியல் மட்டும் இரண்டு முறையும் கணக்கில் சேரவில்லை. அரசுக் கட்டடங்களைத் துடைப்பவர்கள், உணவகங்களில் பரிமாறுபவர்கள், வாயில் காவலர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2019 ஜனவரி 2இல் மூடியதும் அங்கே அவர்களுக்கு வேலை நின்றது, மணிக்கூலியும் நின்றது. அரசு ஊழியருக்கான நிலுவைச் சட்டம் இவர்களைத் தொடவில்லை. பிப்ரவரி உடன்பாட்டில் குறைந்த கூலி ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இழந்த சம்பளத்தைத் தர வேண்டும் என்று மினசோட்டா செனட்டர் டீனா ஸ்மித் போன்றோர் ஒரு பிரிவைச் சேர்க்கக் கேட்டார்கள். இறுதி மசோதாவில் அது இல்லை. அந்த 35 நாளின் கூலி அவர்களுக்கு இன்றுவரை வரவில்லை.